சஹனில் என் பங்கு

எங்கள் குடியேற்றத்தில் எந்தப் பெண்ணுக்காவது வயிற்றில் பிள்ளையோடு சீனி கூடியிருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால், அவள் நேரே என்னிடம்தான் வருகிறாள். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "நீங்க என்ன சாப்பிட்டீங்க?" அதற்குப் பதில் சொல்வது லேசு. சிவப்பரிசிச் சோறு, மீன், கீரை, அவித்த கடலை. சொல்லிவிட்டால் எழும்பிப் போய்விடுவாள். ஆனால் என்னை அலைக்கழித்தது என்ன சாப்பிட்டேன் என்பதல்ல, எதில் சாப்பிட்டேன் என்பதுதான். அந்தக் கதை ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் அடங்காது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் மதுரங்குளிக்காரி. எங்களில் வழக்கமாக மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து இருப்பார். என் வாப்பாவுக்கு நாங்கள் ஐந்து பெண்கள். என் முறை வந்தபோது எனக்கென்று கட்டிய வீட்டுக்குச் சுவர் மட்டும்தான் எழும்பியிருந்தது. கூரை போடும்வரை என்று சொல்லித்தான் கற்பிட்டி வீதியிலிருக்கும் மாமி வீட்டுக்குப் போனேன். கூரை போட்ட பிறகும் நான் திரும்பவில்லை. மாமியின் சமையல்தான் காரணம் என்று என் தங்கைமார் இன்றைக்கும் பகிடி பண்ணுவார்கள். அது முழுப் பொய்யில்லை.

மாமியின் குடும்பம் தொண்ணூறில், யுத்தத்துக்குள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்தது. வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது மாமியிடம் இருந்தது மூன்று பிள்ளைகளும் ஒரு துணிப்பையும்தான். கரையோரத்து வீட்டுப் பெண் ஒருத்தி சஹன் நிறையச் சோறும் பருப்பும் கொண்டுவந்து மணலில் வைத்தாளாம். சஹன் என்பது அகன்ற வட்டத் தட்டம். நடுவில் சோறும் மேலே கறிகளுமாக வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் தமக்கு முன்னால் இருக்கும் பக்கத்தைச் சாப்பிடுவோம். என் ஊரில் அது கல்யாணத்துக்கும் நோன்பு துறக்கவும் மட்டும் வெளியே வரும். மாமி வீட்டில் ஒவ்வொரு நாளும் பகலில் வரும். ஓலைக் கொட்டில் போய்க் கல்வீடு வந்தது, அலுமாரி நிறையப் பீங்கான் வந்தது, யுத்தம் முடிந்து பாதிச் சனம் மன்னாருக்குத் திரும்பியும் போனது. மாமி ஊரையும் மாற்றவில்லை, சஹனையும் மாற்றவில்லை. அவர் கணக்கில் தனிப் பீங்கானில் சாப்பிடுகிறவர் ஒன்றில் விருந்தாளி, இல்லாவிட்டால் கோபக்காரர்.

அந்தச் சஹனைச் சுற்றி நாங்கள் மூன்று பெண்கள் உட்காருவோம். மாமி, என் கணவரின் அக்கா நஸ்ரின் மதினி, நான். இவர், என் கணவர், சின்ன லொறியில் வெங்காயமும் மிளகாயும் ஏற்றித் தம்புள்ளைக்குப் போய்வருகிறவர். பகலில் வீட்டில் இருப்பது அரிது.

என் தலைப்பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே மவுத்தாகிவிட்டான். ஆண்பிள்ளை. நல்ல கொழுத்த பிள்ளை. தொடக்கத்தில் இரத்தம் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. காரணம் தெரியாமலே அடக்கிவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமிதான் மீனை முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து, உருண்டை உருண்டையாக என் வாயில் வைத்தார். நான் மறுபடி எழும்பி நடந்தது அந்தக் கையால்தான். இதை மறந்துவிட்டு மேலே சொல்லப்போவதை யாரும் படிக்கக்கூடாது.

இரண்டாவது பிள்ளைக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது வெறும் வயிற்றோடு கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். ஒரு பெரிய கப்பில் குளுக்கோஸ் கரைத்துத் தந்தார்கள். குடிக்க முன்னும் இரத்தம் எடுத்தார்கள், குடித்த பின்னும் காத்திருக்க வைத்து எடுத்தார்கள். வாங்கில் வரிசையாக வயிறும் தாங்களுமாகப் பெண்கள். ஒருத்தி தேசிக்காயை மூக்கருகே பிடித்துக்கொண்டு ஓங்காளத்தை அடக்கிக்கொண்டிருந்தாள். குடித்தது வெளியே வந்தால் திரும்பவும் முதலிலிருந்து குடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

எனக்குச் சீனி கூடித்தான் இருந்தது. கர்ப்பகால நீரிழிவு என்று அட்டையில் எழுதினார்கள். டொக்டர் விளங்கப்படுத்தியதை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். நாம் சாப்பிடும் சோறு உடம்புக்குள் சீனியாக மாறி இரத்தத்தில் ஓடும். இன்சுலின்தான் அந்தச் சீனியை உடம்பு பாவிக்க வைக்கும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடியில் சுரக்கும் சில நீர்கள் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். சிலரது உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். சிலரது உடம்பால் முடியாது. மிஞ்சிய சீனி கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும். பிள்ளை அளவுக்கு மேல் கொழுக்கும். சில வேளை ஆபத்தும் வரும்.

"கொழுக்கும்" என்ற சொல்லில் என் காது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு டொக்டர் சொன்னதில் பாதியை இவர்தான் கேட்டுக்கொண்டார்.

வீட்டில் அன்றைக்கே சீனிப் போத்தலை மாமி மேல் தட்டில் ஒளித்து வைத்தார். தேத்தண்ணிக்குச் சீனியில்லை, பிஸ்கட் இல்லை, பழச்சாறு இல்லை. ஆனால் காலையும் மாலையும் ஒரு பிடி பேரீச்சம்பழம் என் கைக்கு வந்துகொண்டிருந்தது.

"மாமி, இதுவும் சீனிதானே?"

"அது சீனியில்ல மகள், சுன்னத்து, நபி காட்டித் தந்த வழி. மரியம் அலைஹிஸ்ஸலாம் புள்ள பெறக்குள்ள சாப்பிட்டது. அது எப்படி ஒனக்குக் கெடுதி செய்யும்?"

மார்க்கம் பேசினால் மாமியை வெல்ல முடியாது. கிளினிக்கில் தாதி மிஸ்ஸியிடம் கேட்டுவந்து, சுன்னத்தானாலும் ஒன்று போதும் என்று பேரம் பேசி முடித்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர் இன்னொரு விதம். "அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுதான்" என்று சொல்லிச் சொல்லியே கொண்டுவந்த, கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஊற்றி அவித்த வட்டிலப்பத்தில் ஒரு துண்டை வெட்டி நீட்டுவார்கள். வட்டிலப்பத்தை மறுப்பதற்கு ஈமான் மட்டும் போதாது. நான் மறுத்தேன்.

இவர் சீனி பார்க்கும் சின்ன மெஷின் ஒன்று வாங்கிவந்தார். வீட்டில் நிற்கும் நாட்களில் அவரே என் விரலில் குத்துவார். பாரம் ஏற்றிய லொறியை இருட்டில் தனியே ஓட்டுகிற மனுஷன், ஒரு துளி இரத்தத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலையில் சீனி கொஞ்சம் கூடுதலாக இருக்கும். பகல் சோற்றுக்குப் பிறகு பார்த்தால் எகிறிப்போய் நிற்கும். நான் வாயைக் கட்டித்தான் இருந்தேன். சஹனில் சோறு மிச்சமிருக்கும்போதே எழும்பினேன். அப்படியும் குறையவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் வந்து நிற்கச் சொன்னார்கள். வார்டில் வைத்துச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சீனி பார்ப்பார்கள். குறையாவிட்டால் இன்சுலின் ஊசி தொடங்குவார்கள். பக்கத்துக் கட்டிலில் சிலாபத்திலிருந்து வந்த குமாரி இருந்தாள். அவள் ஏற்கெனவே இன்சுலின் போடுகிறவள். வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து, கொட்டாவி விட்டுக்கொண்டே ஊசியைக் குத்துவாள். அதைப் பார்த்ததில் எனக்கு ஊசிப் பயம் போனது. பிள்ளைப் பயம் போகவில்லை. படுத்திருந்து வயிற்றில் கை வைத்து, அசைகிறதா, அசைகிறதா என்று பார்ப்பதே வேலையாக இருந்தது.

வார்டில் பகல் சாப்பாடு தனித்தனிப் பீங்கானில் வந்தது. எனக்கு முன்னால் வைத்த சோற்றைப் பார்த்து, மறந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டார்கள் என்றே நினைத்தேன். இல்லை, அவ்வளவுதான் அளவு. ஒரு கப் சோறு. சாப்பிட்டேன். பீங்கான் முடிந்தது, நானும் நிறுத்தினேன். பின்னேரம் பார்த்தால் சீனி சரியாக இருந்தது. அடுத்த நாளும் சரியாக இருந்தது.

டொக்டர் பெண்பிள்ளைக்கு அது விளங்கவில்லை. "இங்க சரியா இருக்கு, வீட்டுக்குப் போனா ஏறுது. களவாச் சாப்பிடுறீங்களா?" என்று சிரித்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கண் கலங்கிவிட்டது. அவர் சிரிப்பை நிறுத்தி, "சரி, வீட்டில எவ்வளவு சோறு சாப்பிடுறீங்க? எத்தனை கப்?" என்று கேட்டார்.

கப் கணக்கா? கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் பகல் சோற்றை நான் தனியாகப் பார்த்ததே இல்லை. மாமியின் சஹனில் யாருடைய பங்கும் முடிவதில்லை. என் பக்கம் குறைந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து சோறு வரும். பேசிக்கொண்டிருக்கும்போதே மீன் பிசைந்த உருண்டை ஒன்று என் விரலருகே வந்து நிற்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று நஸ்ரின் மதினியும் தன் பக்கத்திலிருந்து தள்ளிவிடுவாள். என் முன்னால் சோறு மிச்சமிருக்க எழும்பியதால் கொஞ்சம்தான் சாப்பிட்டேன் என்று நினைத்திருந்தேன். மிச்சமிருந்தது அவர்கள் தள்ளிய சோறு. உள்ளே போனதை யார் அளந்தது?

அதை டொக்டரிடம் சொன்னேன். அவருக்கும் சஹன் தெரிந்திருந்தது. தெரிந்த ஒரு நிக்காஹ் வீட்டில் சாப்பிட்டிருக்கிறாராம். "அப்ப வேற பிளேட்ல சாப்பிடுங்க, இன்சுலின் இப்ப வேணாம், பார்ப்போம்" என்றார். அவருக்கு அது ஒரு வசனம். போகும்போது நான் கேட்டேன், மூத்தவனுக்கும் இதுதான் காரணமா என்று. அவர் யோசித்துத்தான் சொன்னார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அப்ப ஒருத்தரும் பார்க்கல்லயே. இப்ப யாராலயும் சொல்ல ஏலாது."

வார்டில் துண்டு வெட்டி அனுப்பிவிட, வீட்டுக்கு வந்தேன். வந்தும் சொல்லவில்லை. மாமி வாசலிலேயே என் முகத்தைத் தடவி, வார்டில் மெலிந்து போனதாகச் சொன்னார். பகலுக்குச் சூடைமீன் ஆக்கி, முள் எடுத்து வைத்திருந்தார். நான் எப்படிச் சொல்வது? தனிப் பீங்கான் வேண்டும் என்றால் ஏன் என்று கேட்பார். உங்கள் கையால் வரும் சோறு கூடிவிட்டது என்றால், அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். மண்ணில் கிடக்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய கேள்வி. அதைத் தாங்கிக்கொண்டு அவர் எப்படி மீதி நாளை ஓட்டுவார்?

"நான் சொல்லவா உம்மாட்ட?" என்றார் இவர்.

"வேணாம். நீங்க சொன்னா அவங்களுக்கு இன்னும் நோகும்."

கொஞ்சமாக அள்ளினேன், நேரம் கடத்தினேன், வயிறு சரியில்லை என்று பொய்யும் சொன்னேன். வயிறு சரியில்லை என்றதும் மாமி குழைத்த சோற்றை இன்னும் மென்மையாக்கித் தள்ளினார். மெஷின் மறுபடி எகிறியது. அடுத்த ஸ்கேனில் பிள்ளையின் வயிற்றுச் சுற்றளவு அதன் மாதத்துக்கு மிஞ்சி இருந்தது. திரையில் அந்த வட்டத்தை அளந்துகொண்டிருந்தவர் திரும்பவும் அளந்தபோது, எனக்கு வீட்டு மரியாதையெல்லாம் மறந்து போனது. ஒரு பிள்ளையைக் கொடுத்தாயிற்று. இதைக் கொடுக்க மாட்டேன்.

அடுத்த நாள் பகல், மாமி சஹனை விரித்து வைத்ததும் நான் அலுமாரியிலிருந்து ஒரு பீங்கானையும் ஒரு தேத்தண்ணிக் கப்பையும் எடுத்துவந்து உட்கார்ந்தேன். நஸ்ரின் மதினி என்னையும் மாமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன மகள், கோவமா?" என்றார் மாமி.

"இல்ல மாமி. எனக்கு அளந்து சாப்பிடோணும். வார்டில ஒரு கப் சோறுதான் தந்தாங்க. சீனி ஏறல்ல. இஞ்ச நான் எவ்வளவு திங்கிறன் எண்டு எனக்கே தெரியுதில்ல. புள்ளைக்குக் கூடாதாம். வயிறு பெருத்திட்டாம்."

"நாங்க தள்ளிற சோறா?"

"ஓம் மாமி."

மாமியின் கை சோற்றில் இருந்தபடியே இருந்தது. நான் நினைத்த கேள்வி வந்தது. ஆனால் நான் நினைத்ததைவிட மெல்லிய குரலில் வந்தது.

"அப்ப மூத்தவனும் என்ட கையாலயா மகள்?"

"எனக்கும் தெரியா மாமி. டொக்டருக்கும் தெரியா. அந்த நேரம் ஒருத்தரும் பார்க்கல்ல. அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் அவர் கண்டுபிடித்துவிடுவார் என்றுதான் சொல்லவில்லை.

மாமி எழும்பிக் கை கழுவிவிட்டு அறைக்குள் போனார். அன்றைக்குச் சஹனில் யாரும் கை வைக்கவில்லை. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நான் கிணற்றடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து, கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன நான்தான் குளிப்பாட்டினேன். கன்னம் ரெண்டும் உப்பி, கையில மடிப்பு மடிப்பா... மாஷா அல்லாஹ் எண்டு சொன்னேன் மகள். அந்த நேரத்திலயும் எனக்கு அதுதான் வாயில வந்திச்சு."

ஈர உடுப்பைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்தேன். வயிறு இடையில் முட்டியது. "மாமி, அதுக்குப் பொறகு நான் சாகாம இருந்தது உங்கட கையாலதான். அத நான் மறக்கல்ல. நீங்களும் மறக்கப்படா" என்றேன். இருவரும் அழுதோம். உள்ளே பிள்ளை உதைத்தது. மாமிக்கும் அது பட்டிருக்க வேண்டும், சட்டென்று விலகி என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் பகல் நான் பீங்கானை எடுக்கப் போனபோது அது அலுமாரியில் இல்லை. சஹனுக்குள்ளேயே, என் பக்கத்தில் இருந்தது. சுற்றிவரச் சோறும் கறியும், அதற்கு நடுவே என் வெறும் பீங்கான், அதற்குள் கவிழ்த்து வைத்த கப்.

"ஒனக்கு ஒன்ட பீங்கான். இருக்கிறது மட்டும் இஞ்சதான்" என்றார் மாமி.

"இது என்ன உம்மா, கற்பிட்டிக் கடல்ல தீவு மாதிரி?" என்று நஸ்ரின் மதினி சிரித்தாள். நான் அளந்து போட்டேன். சாப்பிடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பழக்கதோஷத்தில் மாமியின் கை ஓர் உருண்டையோடு வந்தது. பீங்கான் விளிம்பு வரை வந்து நின்றது. திரும்பிப் போகவும் மனமில்லாமல், "எதத்தான் மகள் ஒனக்கு நான் தாறது?" என்று கேட்டார்.

"கீரை தாங்க மாமி. கீரை எவ்வளவும் திங்கலாம்."

அன்றிலிருந்து வேலியோர முருங்கைக்குக் கேடுகாலம். முருங்கைக்கீரைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், பயற்றங்காய், பாகற்காய் எல்லாம் மூன்று பக்கத்திலிருந்தும் என் பீங்கானில் குவியும். சில நாள் சோறே தெரியாது. பகல் சீனி இறங்கியது. விடியற்காலைச் சீனி மட்டும் அடம்பிடித்தது. அதற்கு இராப் படுக்கும்போது கொஞ்சம் இன்சுலின் போடத்தான் வேண்டி வந்தது. என்னிடம் வரும் பெண்கள் இதைக் கேட்டு முகம் சுருங்குவார்கள். சுருங்க வேண்டியதில்லை. எல்லாம் ஒழுங்காகச் சாப்பிட்டும் சிலருக்கு ஊசி வேண்டும், அதில் யார் பிழையும் இல்லை. நானும் குமாரியைப் போல் வயிற்றைக் கிள்ளிக்கொண்டு குத்தினேன். கொட்டாவி மட்டும் வரவில்லை.

குறித்த நாள் வர முன்பே வார்டுக்கு எடுத்து வலி வரவைத்தார்கள். ஒரு பகலும் ஓர் இரவும் பட்டேன், அதை விவரிக்க வேண்டியதில்லை, பெற்றவர்களுக்குத் தெரியும். மகள் பிறந்தாள். அழுதாள். அந்த அழுகைக்காகத்தான் நான் அத்தனை மாதம் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழுத்த பிள்ளையில்லை, சாதாரணப் பிள்ளை.

ஆனால் பயம் அத்தோடு முடியவில்லை. தாய்க்குச் சீனி இருந்தால், வயிற்றுக்குள் இருந்த காலத்தில் பிள்ளையின் உடம்பும் கூடுதலாக இன்சுலின் சுரந்து பழகியிருக்கும். கொடியை வெட்டியதும் தாயிடமிருந்து வரும் சீனி நின்றுவிடும், இன்சுலின் நிற்காது. அதனால் பிறந்த பிள்ளையின் சீனி இறங்கிப் போகலாம். அதற்காகக் குதிகாலில் குத்திப் பார்ப்பார்கள். பார்க்க விடும் நேரத்தில் மாமி வந்திருந்தார். பிள்ளையைத் தூக்காமல், அழகு என்றோ நிறம் என்றோ ஒரு சொல் சொல்லாமல், கட்டில் விளிம்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி வந்து அந்தச் சின்னக் குதிகாலில் குத்தினார். பிள்ளை வீரிட்டது. மெஷினைப் பார்த்த மிஸ்ஸியின் புருவம் கொஞ்சம் சுருங்கியது.

"கொஞ்சம் குறைஞ்சிதான் இருக்கு. பயப்படாதீங்க. உடனே பால் குடுங்க. பொறகு திரும்பப் பார்ப்பம்."

பிள்ளையை நெஞ்சோடு சேர்த்தேன். அது தேடியது, தவறவிட்டது, மறுபடி தேடியது, பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காக ஒரே கேள்வி கேட்டுப் பழகிய வாய், இதற்கும் கேட்டது. "எவ்வளவு குடுக்க மிஸ்ஸி? அளவு என்ன?"

மிஸ்ஸி சிரித்துவிட்டார். "இதுக்கு என்ன அளவு? அவ குடிக்கும் மட்டும் குடுங்க. போதும் எண்டா அவவே விடுவா."

மாமி எழும்பி என் பக்கம் குனிந்தார். "கேட்டியா மகள்? இவளுக்கு அளவில்லையாம்" என்றார். சொல்லிவிட்டு முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டே இருந்தாள்.